கம்ப்யூட்டருக்கு வைத்த பொட்டு

எண்பதுகளின் நடுவில் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்தது. வந்த நாளிலிருந்து ஏறக்குறைய ஒரு வருஷம் நான் அதை நினைத்து வயிறெரிந்துகொண்டே இருந்தேன். இல்லாத பொருளுக்கு ஏங்குவதாவது பரவாயில்லை. பக்கத்து அறையில் இருக்கிற பொருளுக்கு ஏங்குவது இருக்கிறதே, அது மனுஷரை உருக்கிவிடும்.

மொரப்பூரைத் தாண்டி உள்ளே போகிற ரோட்டில் இருந்தது அந்த அரசு மேல்நிலைப் பள்ளி. நான் அங்கே கணக்கு டீச்சர். வீடு தருமபுரி பஜாரில். அத்தாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, இரும்புக்கடை. தம்பி அதே கடையின் ஒரு மூலையைப் பிடித்து, கேசட்டில் சினிமாப் பாட்டுப் பதிந்து கொடுத்துக்கொண்டிருந்தான். காலையில் பஸ் ஏறினால் சாயங்காலம்தான் நான் திரும்புவேன்.

அரசாங்கம் சில பள்ளிகளைப் பொறுக்கி எடுத்துக் கம்ப்யூட்டர் கொடுத்தபோது எங்கள் பள்ளியும் எப்படியோ அதில் சேர்ந்துவிட்டது. கீழ் வகுப்புகள் இன்னும் ஓலைக்கொட்டகையில் நடந்துகொண்டிருந்த பள்ளி அது. யாராவது ஒருவர் சேலத்தில் ஒரு கல்லூரிக்குப் போய்ப் பயிற்சி எடுத்து வர வேண்டும் என்றார்கள். ஆண் வாத்தியார்கள் எல்லாரும் காடு இருக்கிறது, மாடு இருக்கிறது, மச்சான் கல்யாணம் இருக்கிறது என்று நழுவிவிட்டார்கள். எனக்கு அப்போது கல்யாணமும் ஆகவில்லை, மாடும் இல்லை. நான் போனேன்.

அந்தப் பயிற்சியில் ஒரு மத்தியானம் நான் பார்த்ததுதான் எல்லாவற்றுக்கும் காரணம். கணக்கில் சைன் வளைவு என்று ஒன்று உண்டு. மேலே ஏறி, கீழே இறங்கி, மறுபடி ஏறிப் போகும் அலை. கரும்பலகையில் அதை ஒழுங்காக வரைய எனக்கு அரை வகுப்பு போய்விடும். வரைந்து முடித்ததும் ஒரு பிள்ளை எழுந்து, "இந்த எண்ணை ரெண்டாக்கினா என்னா ஆவும் டீச்சர்?" என்று கேட்கும். அழித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து. மூன்றாக்கினால் என்று அடுத்தது கேட்பதற்குள் மணி அடித்துவிடும். சேலத்தில் அந்தக் கம்ப்யூட்டர் திரையில் ஓர் எண்ணை மாற்றி ஒரு கட்டையை அமுக்கினார்கள். அலை நெருங்கியது. இன்னொரு எண்ணை மாற்றினார்கள். அலை உயர்ந்தது. நான் உட்கார்ந்த இடத்திலேயே அழாத குறை. என் பிள்ளைகள் கேட்ட அத்தனை கேள்விக்கும் அங்கே பதில் கிடைத்துக்கொண்டிருந்தது, கேட்ட பிள்ளைகள் மட்டும் அங்கே இல்லை.

கம்ப்யூட்டர் வைக்கோல் மெத்தையில் படுத்து ஜீப்பில் வந்து இறங்கியது. கூடவே தலைமையாசிரியரின் பயமும் இறங்கியது.

எங்கள் தலைமையாசிரியர் நல்ல மனுஷர். அதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும். அவரும் கணக்கு வாத்தியாராக இருந்து மேலே வந்தவர். பக்கத்து ஊரில் நிலம் நீச்சு உள்ள விவசாயக் குடும்பம். பள்ளிச் சாக்பீஸில் ஒரு துண்டு வீட்டுக்குக் கொண்டுபோக மாட்டார். ஆனால் அவர் வயிற்றில் ஒரு மைக்ராஸ்கோப் கிடந்து உறுத்திக்கொண்டிருந்தது. அவருடைய பழைய கூட்டாளி ஒருவர் வேறொரு பள்ளியில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றபோது, ஆய்வுக்கூடத்தில் ஒரு மைக்ராஸ்கோப் உடைந்து கிடந்ததாம். யார் உடைத்தார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. அந்த ஒரு குறிப்புக்காக அவருடைய பென்ஷன் நின்றுபோய், அந்த மனுஷர் வருஷக்கணக்காக ஆபீஸ் வராந்தாவில் உட்கார்ந்தே கிழவராகிவிட்டார். எங்கள் தலைமையாசிரியருக்கு அடுத்த அக்டோபர் கடைசியில் ஓய்வு. இந்த நேரத்தில் மைக்ராஸ்கோப்புக்கெல்லாம் அப்பன் ஒன்று ஜீப்பில் வந்து இறங்கினால் அவர் என்ன செய்வார்?

பூட்டினார்.

அறைக்கு வெள்ளையடித்து, தரைக்கு விரிப்புப் போட்டு, ஜன்னலுக்குத் திரை தைத்து, கம்ப்யூட்டருக்கு ஊதா வெல்வெட்டில் ஓர் உறை தைத்துப் போட்டார். மணப்பெண்ணுக்குக்கூட அப்படி ஓர் உறை கிடையாது. செருப்போடு யாரும் உள்ளே வரக்கூடாது. பிள்ளைகள் வாசலில் நின்று வரிசையாகப் பார்த்துவிட்டுப் போகலாம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான் மட்டும் கொஞ்ச நேரம் அதை ஓட்டலாம், ஈரம் கட்டாமல் இருக்க. அந்த நேரம் முழுக்க அவர் மெயின் ஸ்விட்சில் கை வைத்தபடி நிற்பார்.

"பிள்ளைங்களுக்குத்தான சார் குடுத்திருக்காங்க?" என்று நான் சண்டைக்குப் போவேன்.

"நான் எறங்கிப் போற வரைக்கும் பொறுங்க டீச்சர். அப்பறம் நீங்க தலைகீழா நிறுத்தி ஓட்டுங்க. இப்ப யாரும் தொட வேணாம்" என்பார். கெஞ்சுகிற மாதிரிதான் சொல்வார். அதனால் என் கோபம் இன்னும் கூடும். அதட்டுகிறவரிடம் சண்டை போடலாம், கெஞ்சுகிறவரிடம் என்ன போடுவது?

பிளஸ் ஒன் வகுப்பில் நான் கம்ப்யூட்டர் இல்லாமலே கம்ப்யூட்டர் நடத்தினேன். பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் ஆளுக்கொரு விசைப்பலகை வரைந்து வைத்துக்கொண்டார்கள். ஏ எங்கே, எஸ் எங்கே என்று அந்தத் தாள்மேல் விரலால் தட்டிப் பழகினார்கள். வளைவு வரையும் புரோகிராமை நான் பலகையில் எழுதுவேன், அவர்கள் தாளில் தட்டுவார்கள். "தட்டியாச்சு டீச்சர், எங்க அலை?" என்று ஒருத்தி கேட்டாள். வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இப்படியே அந்த அக்டோபர் வந்துவிட்டது. மாதக் கடைசியில் அவர் பொறுப்பை ஒப்படைக்க வேண்டும். அதற்கு முன்னால் பூஜை விடுமுறை கழிந்த அடுத்த திங்கட்கிழமை ஓர் அதிகாரி வந்து, விலை உயர்ந்த சாமான்கள் எல்லாம் நல்ல நிலையில் இருக்கின்றனவா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுவார். அந்தக் கையெழுத்து விழுந்துவிட்டால் தலைமையாசிரியர் தலை நிமிர்ந்து வீட்டுக்குப் போகலாம். விழாவிட்டால் அந்த ஆபீஸ் வராந்தாதான். அவர் நாட்களை எண்ணிக்கொண்டிருந்தார். நானும்தான்.

ஆயுதபூஜையின்போது நான் ஊரில் இல்லை. பெங்களூரில் ஒரு சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போயிருந்தேன். மற்ற வருஷங்களில் பூஜை முடியும் மட்டும் நானும் நின்றுவிட்டுத்தான் வருவேன். முஸ்லிம் வீட்டுப் பெண் என்று யாரும் என்னைத் தள்ளி வைத்ததில்லை. பொரியும் கடலையும் என் மேஜைக்கு எப்போதும் ஒரு கை கூடுதலாகவே வரும். அந்த வருஷம் நான் நின்றிருந்தால் இந்தக் கதையே இல்லை.

விடுமுறை முடிந்து திரும்பிய அன்று தலைமையாசிரியர் கேட்டிலேயே நின்றிருந்தார். முகம் மலர்ந்திருந்தது.

"உங்க மிசினுக்கும் நல்லபடியா செஞ்சுட்டேன் டீச்சர். பியூனைக்கூட உள்ள வுடல. குளிச்சிட்டு வந்து நானே செஞ்சேன்."

எனக்கு மனம் கொஞ்சம் இளகியது. ஒரு வருஷமாகத் தொடாத மனுஷர் பக்தியில் தொட்டிருக்கிறார், நல்லதுதானே என்று நினைத்தேன். கதவைத் திறந்து உறையை எடுத்தேன். திரையின் நெற்றியில் சந்தனமும் குங்குமமும். விசைப்பலகையில் ஒவ்வொரு கட்டைக்கும் தனித்தனியாக ஒரு பொட்டு. காய்ந்த சந்தனம் இடுக்குகளில் இறங்கியிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன். இது பஞ்சு வைத்துத் துடைத்தால் போய்விடும்.

பிறகுதான் பக்கத்து மேஜையைப் பார்த்தேன். வாடிய வாழையிலைமேல், காகித உறையிலிருந்து எடுத்து வரிசையாகப் பரப்பி வைக்கப்பட்டிருந்தன ஃபிளாப்பிகள்.

இன்றைய பிள்ளைகளுக்கு ஃபிளாப்பி என்றால் தெரியாது. பாடங்கள், புரோகிராம்கள் எல்லாம் பதிந்து வைக்கிற கறுப்புச் சதுர அட்டை அது. உள்ளே கேசட் நாடாவில் இருக்கிற அதே பழுப்புப் பூச்சோடு மெல்லிய வட்டத் தகடு ஒன்று சுழலும். அட்டையின் நடுவிலிருந்து ஓரம் வரை நீள்வட்டமாக ஒரு திறப்பு உண்டு. அந்தத் திறப்பு வழியாகத்தான் கம்ப்யூட்டர் தகட்டைத் தொட்டுப் படிக்கும். அங்கே விரல் நுனிகூடப் படக்கூடாது என்று சேலத்தில் தினமும் ஒரு தடவை சொன்னார்கள்.

சரியாக அந்தத் திறப்பில், ஒவ்வொரு ஃபிளாப்பியிலும், அழகாக ஒரு சந்தனத் தீற்றல். அதன் நடுவில் குங்குமம்.

"ஐயோ சார்!" என்று நான் கத்திய கத்தலில் அவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே ஓடி வந்துவிட்டார்.

"என்னாச்சுங்க?"

"இங்க எதுக்கு சார் வெச்சீங்க? இவ்ளோ பெரிய அட்டை கெடக்குதே, அதுல எங்கயாச்சும் வெச்சிருக்கக் கூடாதா?"

"நெத்தி மாதிரி இருந்துச்சுங்க..." என்றார். "எல்லாத்துக்கும் முகம்னு ஒண்ணு இருக்குமில்ல. அதைப் பாத்துத்தான் வெச்சேன்."

அவரைக் குறை சொல்ல முடியாது. எங்கள் பக்கத்தில் கத்திரிக்கோலுக்குக்கூட எது நெற்றி என்று பார்த்துத்தான் பொட்டு வைப்பார்கள். தராசுக்கு நடுவில், சைக்கிளுக்கு ஹேண்டில்பாரில், உழவு மாட்டுக்கு வைக்கிற அதே அக்கறையோடு. அவ்வளவு பெரிய கறுப்பு அட்டையில் பளபளவென்று ஒரே ஒரு இடம் தெரிந்தால் அது நெற்றிதானே.

ஆனால் அந்த நேரத்தில் நான் நியாயமெல்லாம் பார்க்கவில்லை. இப்படியே ஓட்டினால் ஃபிளாப்பியும் போகும், அதைப் படிக்கிற பாகமும் போகும், வேறு பிரதி நம்மிடம் கிடையாது என்று பொரிந்து தள்ளினேன். அவர் பாக்கெட்டிலிருந்து கைக்குட்டையை எடுத்துக்கொண்டு குனிந்தார்.

"தொடாதீங்க!" என்றேன்.

வருஷம் முழுக்க அவர் எங்களிடம் சொன்ன வார்த்தை. சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. அவர் கையை இழுத்துக்கொண்டு அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். முகத்தில் ரத்தமே இல்லை. வெளியே ஆறாம் வகுப்பு வாய்ப்பாடு ஒப்பித்துக்கொண்டிருந்தது.

"டீச்சர்," என்றார் கடைசியில். "இந்த ரூமு உங்க பொறுப்புலன்னு எழுதியிருக்குதுங்களே. அதுக்குப் பயப்படாதீங்க. பொட்டு வெச்சது நானுன்னு என் கையால எழுதிக் குடுத்துடறேன். உங்க மேல ஒரு தூசு வராது."

இதைச் சொன்ன ஆளின் மேல்தான் நான் ஒரு வருஷம் கோபமாக இருந்தேன். வராந்தாவுக்கு அப்படிப் பயந்த மனுஷர், தானே எழுந்து அந்த வராந்தாவுக்குப் போகத் தயாராகிறார். அந்த நிமிஷத்திலிருந்து எனக்கு வேறு எதுவும் முக்கியமாக இல்லை. இந்த மனுஷர் கறையில்லாமல் வீட்டுக்குப் போக வேண்டும், அவ்வளவுதான்.

"எழுதறதெல்லாம் அப்பறம் பாத்துக்கலாம் சார். இன்னும் திங்கட்கிழமை வரல" என்றேன். தைரியமாகத்தான் சொன்னேன், எப்படி என்று மட்டும் தெரியவில்லை.

சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி நேரே தம்பியிடம் போனேன். அவன் ஹெட்போனை மாட்டிக்கொண்டு யாருக்கோ பக்திப் பாட்டுப் பதிந்துகொண்டிருந்தான். விஷயத்தைச் சொன்னதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். தலையில் ஒன்று வைத்ததும் நின்றது.

"கேசட்டு தண்ணில வுழுந்தா நாங்க என்னா பண்றோம்க்கா? நாடாவை நல்ல தண்ணில அலசிக் காயவெச்சு வேற டப்பாவுல சுத்திடுவோம். தண்ணிக்கு அந்தப் பூச்சு ஒண்ணும் ஆவறதில்ல. மண்ணோட ஓட்டினாத்தான் அதைப் படிக்கிற ஹெட்டு போயிரும்."

"குங்குமம் போவுமா?"

"குங்குமத்தோட யாரும் கேசட்டு கொண்டாந்ததில்லக்கா" என்று மறுபடி சிரிக்க ஆரம்பித்தான்.

அது போதும் எனக்கு. மறுநாள் பள்ளி விட்டதும் வேதியியல் ஆய்வுக்கூடத்தில் கடை விரித்தோம். காய்ச்சி வடித்த தண்ணீர், பிளேடு, வடிதாள், பஞ்சு. வெறும் புது ஃபிளாப்பிகள் சில என்னிடம் இருந்தன. அவற்றின் அட்டையை ஓரத்தில் கீறி, உள்ளே இருந்த வெறும் தகட்டை எடுத்துவிட்டால், கழுவிய தகட்டைப் போட்டு வைக்கச் சுத்தமான உறை கிடைத்துவிடும். யோசித்தால் சின்ன வேலைதான். பிளேடைக் கையில் எடுத்தபோதுதான் பெரிய வேலையாகத் தெரிந்தது. அரசாங்கச் சொத்தை அறுக்கிறோம். தலைமையாசிரியர் வாசலைப் பார்த்து நின்றுகொண்டார்.

"சார், பாக்காம நின்னா எப்படி? கிண்ணத்தைப் பிடிங்க."

பிடித்தார். விளையாட்டு பதிந்திருந்த ஃபிளாப்பியை முதலில் எடுத்தேன், போனால் அது போகட்டும் என்று. அட்டையைக் கீறித் தகட்டை உருவினேன். அப்பளத்தைவிட மெல்லிசு. தண்ணீரில் மெதுவாக ஆட்டினேன். சந்தனம் உடனே கரைந்தது. குங்குமம் போக மனசில்லாமல் கொஞ்ச நேரம் ஒட்டிக்கொண்டிருந்துவிட்டுப் பிறகு விட்டது. கிண்ணத்துத் தண்ணீர் இளஞ்சிவப்பாகிவிட்டது. தலைமையாசிரியர் அதைக் கீழே ஊற்றாமல், வெளியே போய்ச் செடிக்கு ஊற்றிவிட்டு வந்தார். கால்படுகிற இடத்தில் ஊற்ற மனம் வரவில்லை அவருக்கு.

மின்விசிறி போட்டால் தூசி பறக்கும் என்று, வடிதாள்மேல் தகடுகளைப் பரப்பி, பரீட்சை அட்டையால் அவரே விசிறினார். காய்ந்ததும் உறையில் போட்டுக் கம்ப்யூட்டர் அறைக்குக் கொண்டுபோனோம். செருகினேன். சிவப்பு விளக்கு எரிந்தது. கர் கர் என்று சத்தம். திரையில் பிழை என்று வந்தது.

தலைமையாசிரியர் என்னையே பார்த்தார். அந்தப் பார்வையை எதிரில் வைத்துக்கொண்டு யாராலும் வேலை செய்ய முடியாது.

"வெளிய போய்க் கொஞ்சம் தண்ணி குடிங்க சார்" என்று அனுப்பிவிட்டு, தகட்டை மறுபடி எடுத்துப் பார்த்தேன். ஓரத்தில் மஞ்சளாக ஒரு படலம் ஒட்டியிருந்தது. மறுபடி கழுவி, மறுபடி காயவைத்து, மறுபடி செருகினேன். விளக்கு எரிந்தது. சத்தம் கொஞ்ச நேரம் வந்து நின்றது. திரையில் ஓர் எலி தத்தித் தத்தி ஓடியது. அந்த அசட்டு விளையாட்டு எலியைப் பார்த்து நான் தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். அவர் செம்போடு ஓடி வந்தவர், என்னைப் பார்த்துவிட்டு எல்லாம் போய்விட்டது என்று நினைத்து, "அழுவாதீங்கம்மா, போனாப் போவுது, போனாப் போவுது" என்று என்னைத் தேற்றத் தொடங்கிவிட்டார். திரையைக் காட்டினேன். புரிய நேரமாயிற்று. புரிந்ததும் செம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார்.

அந்த வாரம் சாயங்காலங்களில் மற்றவற்றையும் கழுவிவிட்டோம். விசைப்பலகையைப் பஞ்சும் ஸ்பிரிட்டும் வைத்துத் துடைத்தேன். ஆனால் ஒவ்வொரு ஃபிளாப்பியிலும் ஏகப்பட்ட பாடங்கள். திறக்கிறது என்பதற்காக உள்ளே எல்லாம் ஒழுங்காக இருக்கும் என்று சொல்ல முடியாது. ஒவ்வொன்றையும் முழுதாக ஓட்டிப் பார்க்க வேண்டும். எனக்கோ வகுப்புகள் இருந்தன. சனிக்கிழமைதான் பாக்கி. அதைச் சொன்னதும் அவர் கொஞ்சம் யோசித்தார்.

"பிளஸ் ஒன் பிள்ளைங்கள வரச் சொல்லுங்க டீச்சர். ஆளுக்கு ஒண்ணா ஓட்டிப் பாக்கட்டும்."

நான் நம்பாமல் பார்த்தேன்.

"வேற வழி இல்லீங்களே" என்றார், வேறு பக்கம் பார்த்துக்கொண்டு.

சனிக்கிழமை காலையில் நான் போவதற்கு முன்பே எல்லாரும் வாசலில் நின்றார்கள். தலைக்கு எண்ணெய் வைத்து, கால் கழுவி. காலண்டர் தாளில் தட்டிப் பழகிய விரல்கள் எழுத்தைத் தேடவே இல்லை. நேராகப் போய் விழுந்தன. முதல் அலை திரையில் ஊர்ந்து வந்தபோது ஒருவரும் கத்தவில்லை. எல்லாரும் ஒரே நேரத்தில் மூச்சை உள்ளே இழுத்த சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் கேள்விகள். ரெண்டாக்கு, மூணாக்கு, கழித்தல் போடு, பாதியாக்கு. என்னைக் கேட்கவே இல்லை, கம்ப்யூட்டரைக் கேட்டார்கள். அது பதில் சொல்லிக்கொண்டே இருந்தது. எனக்கு அன்று வேலையே இல்லை. இவ்வளவு சந்தோஷமாக நான் சும்மா இருந்ததே கிடையாது.

தலைமையாசிரியர் வழக்கம்போல மெயின் ஸ்விட்ச் பக்கத்தில் நின்றிருந்தார். மத்தியானத்துக்குள் அங்கிருந்து நகர்ந்து பிள்ளைகளுக்குப் பின்னால் வந்துவிட்டார். கைகள் முதுகுக்குப் பின்னால். "கோசைன் போடு பாக்கலாம். ரெண்டையும் ஒண்ணா வரையச் சொல்லு" என்று அவர் சொன்னது என் காதில் விழுந்தது.

எல்லாப் பாடமும் ஓடியது. ஒரே ஒரு புவியியல் பாடம் மட்டும் பாதியில் நின்று நின்று வந்தது. அது அடியோடு நின்றுபோவதற்கு முன்னால், மீதி இருந்த ஒரு புது ஃபிளாப்பியில் அதைப் பதிந்துவிட்டேன்.

திங்கட்கிழமை அதிகாரி வந்தார். தடித்த, சாந்தமான ஆள். வெயிலில் வந்த களைப்பு. ஆய்வுக்கூடம், தையல் மெஷின், இரும்பு அலமாரி எல்லாம் பார்த்துவிட்டுக் கம்ப்யூட்டர் அறை வாசலுக்கு வந்ததும், யாரும் சொல்லாமலே செருப்பைக் கழற்றினார். வாசற்படியிலேயே நின்றார். உள்ளே பிளஸ் ஒன் பிள்ளைகள் தயாராக உட்கார்ந்திருந்தார்கள்.

"ஓடுதுங்களா?" என்று கேட்டார். பேனா ஏற்கெனவே கையில் இருந்தது.

தலைமையாசிரியர் ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். முடிந்தது. கையெழுத்து விழுந்துவிடும். எனக்கு அல்லாவே, ஆமாம் என்று சொல்லட்டும் என்றிருந்தது. கழுவிய தகடு என்றைக்கு எப்படி நடந்துகொள்ளும் என்று யாருக்குத் தெரியும்?

"ஓடுதுன்னு வாயில சொன்னாப் போதுங்களா?" என்றார் எங்கள் தலைமையாசிரியர். "உள்ள வந்து பாருங்க. பாக்காம போட்ட கையெழுத்துல நான் எறங்கிப் போவ வேணாங்க."

அந்த நேரத்தில் அவரைப் பிடித்து உலுக்க வேண்டும்போல இருந்தது. மெச்ச வேண்டும் என்று தோன்றியதெல்லாம் பிற்பாடு. அதிகாரி வேண்டாவெறுப்பாக உள்ளே வந்தார். அலையைக் கேட்டவள் இருந்தாளே, அந்தப் பெண்தான் ஃபிளாப்பியைச் செருகினாள். விளக்கு எரிந்தது. கர் கர் என்றது. வழக்கத்தைவிட நேரமாகியது. இன்னும் நேரமாகியது. என் முந்தானை நுனி கையில் கயிறாகிவிட்டது. தலைமையாசிரியர் திரையைப் பார்க்காமல் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் முகம் மலர்ந்ததும் அவர் கண்ணை மூடித் திறந்தார். அலை வந்துவிட்டது.

"அட!" என்றார் அதிகாரி. இரண்டாவது எண்ணை மாற்றிக் காட்டியதும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"நீங்களும் அமுக்கிப் பாருங்க சார்" என்று அந்தப் பெண் விசைப்பலகையை நகர்த்தினாள். அவர் கையை மடியில் வைத்துக்கொண்டார்.

"வேணாம்மா. எதாச்சும் ஆயிடப் போவுது."

"ஒண்ணும் ஆவாதுங்க, தொடுங்க!" என்றார் தலைமையாசிரியர். சந்தோஷத்தில் அவருக்குத் தலைகால் புரியவில்லை. "நாங்க இதைக் கழுவியே பாத்துட்டோம்!"

எனக்கு உயிர் போய் வந்தது. பிள்ளைகள் எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். அதிகாரி அவரை ஒரு தடவை, அறையை ஒரு தடவை பார்த்தார்.

"அதான் ரூமு இவ்ளோ சுத்தமா இருக்குது" என்றார். பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டார்.

ஜீப் ரோட்டைத் தாண்டிப் போகும் வரை நாங்கள் இருவரும் வேப்பமரத்தடியில் நின்றோம். பிறகு ஒருவரையொருவர் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தவர்கள், பியூன் வந்து என்னவோ ஏதோ என்று எட்டிப் பார்க்கும் வரை நிறுத்தவில்லை. ஒரு வருஷக் கோபம் அந்தச் சிரிப்பில் எங்கே போனதென்று தெரியவில்லை. நெஞ்சில் இருந்த கல்லை யாரோ தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

நான் அறைக்குத் திரும்பி எல்லாவற்றையும் அணைக்கப் போனேன். பிள்ளைகள் சாப்பிடப் போய்விட்டார்கள். அவரும் பின்னாலேயே வந்து வாசலில் நின்றார்.

"டீச்சர்."

"சொல்லுங்க சார்."

"நானும் ஒருவாட்டி அமுக்கிப் பாக்கட்டுங்களா?"

அப்போதுதான் எனக்கு எட்டியது. அந்த அறையை ஒரு வருஷம் காத்த மனுஷர், அதிகாரியைத் தொடச் சொல்லி வற்புறுத்திய மனுஷர், பொட்டு வைத்ததைத் தவிர அந்தக் கம்ப்யூட்டரைத் தொட்டதே இல்லை. முப்பது வருஷத்துக்கு மேல் கரும்பலகையில் கையால் அந்த அலையை வரைந்தவர் அவர்.

"உக்காருங்க சார்" என்று நாற்காலியைத் தள்ளினேன்.

உட்கார்ந்தார். கையை வேட்டியில் நன்றாகத் துடைத்துக்கொண்டார். ஓர் எண்ணைத் தேடித் தட்டினார். பெரிய கட்டை எது என்று என்னைப் பார்த்தார், காட்டினேன். அமுக்கிவிட்டுச் சட்டென்று கையை எடுத்துக்கொண்டார். அலை மெதுவாக ஏறி, இறங்கி, மறுபடி ஏறியது. அது திரையின் ஓரம் போய்ச் சேரும் வரை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எண்ணை மாற்றினார். சாப்பாட்டு நேரம் முடிந்து மணி அடித்தது. பிள்ளைகள் வந்து வாசலில் நின்றார்கள். அவர் எழுந்திருக்கவில்லை.